ஸ்கூல் போர்டு உறுப்பினரைப் பாதியில் இறக்க முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் போர்டில் ஓர் உறுப்பினர் பெற்றோர் சொல்வதைக் காதில் வாங்குவதே இல்லை. பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது. ரீகால், அதாவது வாக்கெடுப்பு நடத்திப் பாதியிலேயே பதவி நீக்குவது, கொண்டுவர எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு தாய், கலிபோர்னியா

பதில்: முதலில் காலண்டரைப் பாருங்கள். பதவியேற்று 90 நாள் ஆகாதவர், ஆறு மாதத்துக்குள் பதவிக்காலம் முடியப்போகிறவர், கடந்த ஆறு மாதத்தில் ஒரு ரீகால் தேர்தலில் தப்பித்தவர் ஆகியோர் மீது கலிபோர்னியாவில் ரீகால் தொடங்க முடியாது. உங்களுக்கு இரண்டரை ஆண்டு இருப்பதால் முயலலாம். நீங்கள் சொல்லும் காரணம் போதுமா என்று எந்த நீதிபதியும் ஆராய மாட்டார். அந்தத் தீர்ப்பு வாக்காளர் கையில்.

முதல் தாள், ரீகால் செய்யப்போகிறோம் என்ற அறிவிப்பு. காரணம் 200 சொல்லுக்குள் அடங்க வேண்டும். உறுப்பினரிடம் நேரிலோ சர்ட்டிஃபைடு மெயிலிலோ அதைச் சேர்த்துவிட்டு, சேர்த்ததற்கான சான்றோடு மூலப்படியைக் கவுன்ட்டி தேர்தல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். செய்தித்தாளிலும் வெளியிட வேண்டும். அவர் ஏழு நாளுக்குள் 200 சொல்லில் பதில் தரலாம். உங்கள் காரணமும் அவர் பதிலும், பிறகு வாக்காளரிடம் கையெழுத்து வாங்கும் மனுவில் ஒன்றாகவே அச்சாகும் என்பதை மறக்காதீர்கள். "சர்வாதிகாரி" என்று நீங்கள் எழுதினால் "பொய்" என்ற ஒரே சொல்லில் அவர் முடித்துவிடுவார். எந்தக் கூட்டத்தில், எந்தத் தீர்மானத்துக்கு, எப்படி வாக்களித்தார் என்று எழுதுங்கள். அதற்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

அறிவிப்பில் எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும் என்பதை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விதிகள் 2023 முதல் மாறியிருப்பதால் பழைய வழிகாட்டிகளை நம்ப வேண்டாம். மனுவின் வடிவத்தை அலுவலகம் ஏற்கும்வரை ஒரு கையெழுத்துக்கூட வாங்காதீர்கள். ஓர் ஆண்டுக்குள் 2,000 டாலர் திரண்டுவிட்டால் நீங்கள் பிரசாரக் கமிட்டியாகப் பதிவு செய்து, வரவு செலவுக் கணக்கு காட்ட வேண்டும்.

கேள்வி: எத்தனை கையெழுத்து தேவை? பக்கத்து மாவட்டத்தில் கட்டுக்கட்டாகக் கொடுத்தும் மனு தள்ளுபடியானதே, ஏன்?
- ஒரு வாசகர், கலிபோர்னியா

பதில்: அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் பதிவான வாக்காளர் எண்ணிக்கைதான் அடிப்படை. 1,000 பேருக்குக் குறைவென்றால் 30 சதவீதம், 10,000க்குள் 25, 50,000க்குள் 20, ஒரு லட்சத்துக்குள் 15, அதற்கு மேல் 10. கையெழுத்து வாங்கும் அவகாசமும் இப்படித்தான். 10,000 முதல் 50,000 வாக்காளர் வரை உள்ள இடத்தில் 120 நாள், 50,000ஐத் தாண்டினால் 160 நாள்.

24,000 வாக்காளர் உள்ள பகுதி என்று வையுங்கள். தேவை 4,800. ஆனால் 4,900 வாங்கிக்கொண்டு போனால் தோற்பது நிச்சயம். செல்லாதவை கழியும் என்பதால் 6,200 இலக்கு வைக்க வேண்டும். அப்படியானால் 120 நாளும் விடாமல், தினம் 52 கையெழுத்து. மனுவை ஒரே தவணையில் கொடுக்க வேண்டும். குறைந்தால் பிறகு கூட்டிச் சேர்க்க வழியில்லை.

கையெழுத்து ஏன் கழிகிறது? மனைவிக்கும் சேர்த்துக் கணவர் போட்டிருப்பார். வீட்டு முகவரிக்குப் பதில் போஸ்ட் பாக்ஸ் இருக்கும். நம் ஆட்கள் மத்தியில் அடிக்கடி நடப்பது, வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறியவர் வாக்காளர் பதிவில் முகவரியை மாற்றாமல் விட்டிருப்பது. இதற்கு நல்ல வழி உண்டு. கையெழுத்திடும் அன்றோ அதற்கு முன்போ புதிதாகப் பதிவுப் படிவம் நிரப்பி, மனு தாக்கலாகும் நாளுக்குள் அது கவுன்ட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் கையெழுத்து செல்லும். கையெழுத்து வாங்கும் மேசையில் பதிவுப் படிவத்தையும் வையுங்கள். பள்ளி மாவட்டம் ஒன்றாக இருந்தாலும் உறுப்பினரின் பகுதி தெருவுக்குத் தெரு மாறும். வரைபடம் இல்லாமல் மேசை போட்டால் பாதி உழைப்பு வீண்.

500க்கு மேற்பட்ட கையெழுத்து வந்தால் அலுவலகம் ஒரு மாதிரியை மட்டும் எடுத்துச் சரிபார்க்கலாம்: 500 அல்லது 5 சதவீதம், எது அதிகமோ அது. அதை வைத்துப் போடும் செல்லும் கையெழுத்துக் கணக்கு, தேவையில் 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மனு முடிந்தது. 110க்கு மேல் வந்தால் தேறியது. இடையில் என்றால் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஒரே ஆள் இரண்டு முறை போட்ட கையெழுத்துதான் இதில் பெரிய ஆபத்து. மாதிரியில் அப்படி ஒன்று அகப்பட்டால், மொத்தத்திலும் அதே விகிதத்தில் இருக்கும் என்று பெருக்கிக் கழிப்பது வழக்கம். ஒவ்வொரு தாளையும் வாங்கிய அன்றே கணினியில் ஏற்றி, இரட்டைப் பெயரைத் தேடுங்கள். சேகரித்தவர் தாளின் அடியில் தன் பெயர், முகவரி, தேதிகளைத் தானே எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அது விட்டுப்போனால் அந்தத் தாளையே இழக்க நேரிடும்.

கேள்வி: நான் எச்-1பி, என் அண்ணன் கிரீன் கார்டு. எங்கள் பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். நாங்கள் கையெழுத்திடலாமா?
- ஒரு வாசகர், சான் ஓசே

பதில்: கூடாது. இருவருமே கூடாது. பதிவான வாக்காளர் மட்டும்தான் கையெழுத்திடலாம்; வாக்காளராகக் குடியுரிமை வேண்டும். ஆர்வத்தில் யாராவது நீட்டும் பதிவுப் படிவத்தில் "குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால், கிரீன் கார்டே பறிபோய் நாடு கடத்தப்படும் அளவுக்கு அது வளரலாம். மேசையில் நிற்பவர்கள் தமிழில் இதைச் சொல்லிவிட்டே பேனாவைக் கொடுக்க வேண்டும். எந்த ரீகாலும் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைவிடப் பெரிதல்ல.

கலிபோர்னியாவில் கையெழுத்துச் சேகரிக்க 18 வயது நிறைந்திருந்தால் போதும். ஆனால் விசாவில் இருப்பவர் அதற்குக் கூலி வாங்கக் கூடாது. நன்கொடையும் தர வேண்டாம்; கிரீன் கார்டு உள்ள உங்கள் அண்ணன் தரலாம். போர்டு கூட்டத்தில் எழுந்து பேச யாருக்கும் தடையில்லை.

வாக்களிப்பதில் சான் பிரான்சிஸ்கோ ஒரு விலக்கு. குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்க 2016இல் அந்நகர மக்கள் ஒப்புதல் தந்தார்கள். அதற்குத் தனிப் படிவம் உண்டு. அதில் தரும் விவரம் குடிவரவுத் துறைக்குப் போகக்கூடும் என்று நகரமே எச்சரிக்கிறது.

கேள்வி: நியூ ஜெர்சி, டெக்சஸ், வர்ஜீனியாவிலும் இதே முறைதானா?

பதில்: இல்லை. நியூ ஜெர்சியில் ரீகால் உண்டு, ஆனால் 25 சதவீத வாக்காளர் கையெழுத்து வேண்டும். உறுப்பினர் ஓராண்டாவது பதவியில் இருந்திருக்க வேண்டும். டெக்சஸில் பள்ளி டிரஸ்டிகளுக்கு (அங்கே போர்டு உறுப்பினர்களுக்கு அதுதான் பெயர்) ரீகால் தேர்தலே கிடையாது, நீதிமன்றம்தான் நீக்க முடியும். வர்ஜீனியாவிலும் கையெழுத்து நீதிமன்றத்துக்குத்தான் போகிறது. அங்கே கடமை தவறியதையோ பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதையோ நிரூபிக்க வேண்டும். கொள்கை பிடிக்கவில்லை என்பது போதாது.

கேள்வி: ரீகால் வென்றால் அந்த இடத்துக்கு யார் வருவார்?

பதில்: இதைக் கடைசியில் கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான். 2023 முதல் கலிபோர்னியாவின் உள்ளாட்சி ரீகால் வாக்குச்சீட்டில் "நீக்கலாமா, வேண்டாமா" என்ற ஒரு கேள்விதான் இருக்கும். மாற்று வேட்பாளர் பட்டியல் கிடையாது. காலியிடத்தைப் பெரும்பாலும் மிச்சமுள்ள போர்டு உறுப்பினர்கள் நியமனத்தால் நிரப்புவார்கள், அல்லது தனித் தேர்தல் வைப்பார்கள். 2022 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று உறுப்பினர்கள் நீக்கப்பட்டபோது அவர்கள் இடத்தில் ஆட்களை நியமித்தவர் மேயர்.

நீக்கப்பட்டவர் மறுபடி போட்டியிடவும் முடியும். கலிபோர்னியாவின் டெமெக்குலா நகரில் போர்டு தலைவராக இருந்த ஜோசப் கோம்ரோஸ்கி 2024 ஜூனில் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் ரீகாலில் தோற்று, அதே ஆண்டு நவம்பரில் நின்று வென்றார். பள்ளி மாவட்டத்தில் ரீகால் தேர்தல் செலவு மாவட்டத்தின் தலையில்தான் விழும். ஆகவே போர்டில் மிச்சமிருப்பவர்களில் பெரும்பான்மை யார் பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் நீக்கப்பட்டவரின் கூட்டாளிகள் என்றால், அதே உழைப்பை அடுத்த பொதுத் தேர்தலில் ஒரு நல்ல வேட்பாளரை நிறுத்துவதில் போடுங்கள்.