ரென் குருவியை வேட்டையாடியவர்களும் அவர்களே

கேள்வி: அயர்லாந்தின் கிராம மக்கள் பறவைகளைப் புனிதமாகக் கருதியதால்தான் அவை பிழைத்திருந்தன, அந்த நம்பிக்கைகள் மங்கியதே இன்றைய இழப்புக்குக் காரணம் என்கிறேன். ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். தங்கள் கூற்றுக்குச் சாதகமான செய்திகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. சிலுவையில் தொங்கிய இயேசுவின் முள்ளை அகற்ற முயன்றபோது பட்ட இரத்தத்தால்தான் ராபின் பறவையின் மார்பு சிவந்தது என்று நம்பியவர்கள், அதற்குத் தீங்கு செய்ய அஞ்சினார்கள். லிர் என்பவரின் நான்கு பிள்ளைகள் சிற்றன்னையின் சாபத்தால் 900 ஆண்டுகள் அன்னங்களாக அலைந்த கதை வழங்கும் அந்நாட்டில், அன்னத்தைக் கொல்வதும் பெருங்கேடாகவே கருதப்பட்டது.

ஆனால் ரென் குருவியை ஏன் மறந்தீர்கள்? கழுகின் இறகுக்குள் ஒளிந்து உயரே சென்று, அது களைத்த கணத்தில் அதற்கும் மேலே பறந்து பறவைகளின் அரசனாக முடிசூடியது அந்தச் சின்னஞ்சிறு குருவி என்று கதை சொன்ன அதே மக்கள்தாம், ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று, கிறிஸ்தவத்துக்காக உயிர்விட்ட புனித ஸ்தேவானின் திருநாளில், அதைப் புதர் புதராகத் துரத்திக் கொன்று, கொம்பில் கட்டி, வீடு வீடாகப் பாடிக் காசு கேட்டார்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களைப் பாருங்கள். ஒளிந்திருந்த ஸ்தேவானை அது காட்டிக்கொடுத்ததாம்; கடல்வழி வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளை நெருங்கிய ஐரிஷ் வீரர்களை முரசின்மீது கொத்தி ஒலியெழுப்பிக் காட்டிக்கொடுத்ததாம்; வேறு சிலர் சொல்லும்போது வைக்கிங்குகளின் இடத்தில், பதினேழாம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த ஆங்கிலத் தளபதி குரோம்வெல்லின் படை வந்து நிற்கிறது. காலத்துக்கேற்ப எதிரி மாறுகிறான், குற்றவாளி மட்டும் மாறவில்லை. வேட்டை முதலில் இருந்தது, காரணங்கள் பிறகு வந்து சேர்ந்தன என்றே நான் கருதுகிறேன். கெர்ரி மாவட்டத்தின் டிங்கிள் நகரில் வைக்கோல் உடை அணிந்த ஊர்வலம் இன்றும் நடக்கிறது. குருவியை மட்டும் இப்போது கொல்வதில்லை.

இவ்வளவு வேட்டைக்குப் பின்னும் ரென் இன்று அயர்லாந்தில் மிகப் பரவலாகக் காணப்படும் பறவைகளுள் ஒன்று. கார்ன்கிரேக் பறவையையோ எவரும் சபிக்கவில்லை. இரவெல்லாம் புல்வெளியில் கரகரத்துக் கத்தும் அது, மல்லாந்து படுத்துக் கால்களால் வானம் விழாமல் தாங்குகிறது என்றுகூடச் சொன்னார்கள். அந்தப் பறவை இன்று மேற்குக் கரையோரத்திலும் தீவுகளிலும் சிறு எண்ணிக்கையில்தான் எஞ்சியுள்ளது. நம்பிக்கை குன்றியதால் அது அழியவில்லை. அரிவாள் போய் இயந்திரம் வந்தது. குஞ்சுகள் வளர்வதற்கு முன்பே புல் வெட்டப்பட்டது. ரென் ஒண்டும் வேலிப்புதரைப் போன்ற புகலிடம் இதற்கு வயலில் மிஞ்சவில்லை.

இன்று அங்கே அப்பறவையைக் காக்க முனைவோர் விவசாயிகளுக்கு உதவித்தொகை கொடுத்து அறுவடையைத் தள்ளிப்போடச் செய்கிறார்கள். குஞ்சுகள் ஓரத்துக்கு ஓடித் தப்பும்படி, வயலின் நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டச் சொல்கிறார்கள்.