ஹாபிட் நாவலை எட்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் எப்படிச் சொல்வது? முதல் அத்தியாயத்திலேயே எழுந்து ஓடிவிடுகிறானே!

முதல் அத்தியாயத்தில் பிள்ளை எழுந்து ஓடுவதற்குக் காரணம் பெயர்கள்தான். 1937-ல் வெளிவந்த டோல்கீனின் இந்த நாவலில், கதை சூடு பிடிக்கும் முன்பே 13 சித்திரக்குள்ளர்கள் வரிசையாக, கதாநாயகனான பில்போ என்ற ஹாபிட்டின் (குட்டையான கற்பனை மனித இனம்) கதவைத் தட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். டோரி, நோரி, ஓரி, ஓயின், குளோயின் என்று அடுக்கினால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். ஐந்து பேரை மட்டும் பெயரோடு சொல்லுங்கள்: தலைவன் தோரின், பில்போமேல் பாசம் வைக்கும் கிழவர் பாலின், இளவட்டங்களான ஃபீலி, கீலி, எங்கே போனாலும் கடைசியில் மூச்சிரைக்க வந்து நிற்கும் குண்டு பாம்பூர். மீதி எட்டுப் பேரும் 'மற்றவர்கள்' என்றே இருக்கட்டும், கதைக்கு ஒன்றும் ஆகாது. அத்தியாயத்தையும் இரண்டு இரவாகப் பிரியுங்கள். விருந்தும் பாத்திரம் கழுவும் பாட்டும் முதல் நாள்; டிராகன் மலையின் வரைபடமும் அங்குள்ள ரகசியக் கதவின் சாவியும் மறுநாள்.

அடுத்தது சொற்கள். 'டுவார்ஃப்' என்பதற்கு வெறும் 'குள்ளன்' என்று சொன்னால் யாரையோ கேலி செய்வதுபோல் ஆகிவிடும். 'சித்திரக்குள்ளர்' என்று நம் கதைகளில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது. காண்டால்ஃபை மட்டும் 'மந்திரவாதி' என்று அறிமுகப்படுத்தாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு மந்திரவாதி என்றால் ஏழு கடல் தாண்டி இளவரசியை அடைத்து வைப்பவன். அவர் எப்போது துரோகம் செய்வார் என்று கடைசிவரை காத்திருப்பார்கள். 'மந்திரம் தெரிந்த தாத்தா' என்றால் போதும். ஹாபிட், டிராகன், எல்ஃப் மூன்றையும் அப்படியே விடலாம்.

நேரக் கணக்கு: மொத்தம் 19 அத்தியாயங்கள். ஆங்கிலத்தில் உரக்கப் படித்தாலே சுமார் 11 மணி நேரம் பிடிக்கும். தமிழில் விளக்கிச் சொன்னால் இன்னும் கூடும். இரவுக்கு அரை மணி நேரம் என்றால் ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். இருள்வனத்தில் நடக்கும் 8-ஆம் அத்தியாயமும் நீளம்தான். அதைச் சிலந்திகள் வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்தினால் மறுநாள் அவனே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவான்.

5-ஆம் அத்தியாயத்துக்கு மட்டும் முன்தயாரிப்பு வேண்டும். இருட்டுக் குகை, தண்ணீர்க் கரை, அங்கே வாழும் கோல்லம் என்ற விசித்திரப் பிராணியும் பில்போவும் மாறி மாறி விடுகதை போடுகிறார்கள். புத்தகத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. சுருக்கவே கூடாது. விடுகதை ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள், பிள்ளை யோசிக்கட்டும். மூடியும் கீலும் சாவியும் இல்லாத பெட்டிக்குள் தங்கம் என்றால் முட்டை என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். பலர் சறுக்குவது கோல்லத்தின் கடைசி விடுகதையில். அதற்கு விடை 'காலம்' என்று மொழிபெயர்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். விடை தெரியாமல் தவிக்கும் பில்போ, இன்னும் கொஞ்சம் நேரம் கொடு என்று கத்தப் பார்க்கிறான். பயத்தில் 'நேரம்! நேரம்!' என்பது மட்டும்தான் வாயிலிருந்து வருகிறது. அதுவே சரியான விடையாகிவிடுகிறது! விடையும் 'நேரம்' என்றே இருந்தால்தான் அந்த அதிர்ஷ்டம் பிள்ளைக்குப் புரியும். தமிழில் இது அவ்வளவு அழகாக உட்காருகிறது.

3-ஆம் அத்தியாயத்தில் நிலவெழுத்து வரும். குறிப்பிட்ட நிலா வெளிச்சத்தில் மட்டுமே வரைபடத்தில் தெரியும் எழுத்து. சாம்பல் நிறக் கல்லருகே நில், பறவை தட்டும்போது, அஸ்தமிக்கும் சூரியனின் கடைசி ஒளி சாவித்துளைமேல் விழும் என்பது அதன் சாரம். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். பலன் கிடைப்பது 11-ஆம் அத்தியாயத்தில். இடையில் இரண்டு மூன்று வாரம் போயிருக்கும், தாள் இல்லையென்றால் பிள்ளை மறந்திருப்பான். பறவை நத்தையைக் கல்லில் அடிக்கும் அந்த நொடியில் அவனே சுவரைக் காட்டிக் கத்த வேண்டும்.

கடைசிப் பகுதியில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. டிராகன் ஸ்மாகைக் கொல்வது பில்போ இல்லை, அதுவரை கதையில் இல்லாத பார்ட் என்ற வில்லாளி. அதனால் 12-ஆம் அத்தியாயத்தில், ஸ்மாகின் இடப்பக்க மார்பில் கவசமில்லாத இடத்தைப் பில்போ கண்டுபிடிப்பதை அழுத்திச் சொல்லுங்கள். பில்போ சொல்வதை ஒட்டுக்கேட்ட பறவைதான் அந்த ரகசியத்தைப் பார்டிடம் கொண்டுபோகிறது. அப்போது வெற்றியில் பில்போவுக்கும் பங்கு இருப்பது தெரியும்.

பெரும்போருக்குப் பிறகு தோரின் இறக்கிறான், ஃபீலியும் கீலியும்கூட. மென்மையான மனமுள்ள பிள்ளை என்றால் 18, 19 இரண்டையும் ஒரே விடுமுறை நாள் பகலில் முடித்துவிடுங்கள். 19-இல் பில்போ ஊர் திரும்பும்போது, அவன் இறந்துவிட்டதாக நினைத்து வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருப்பார்கள். தன் மேசை நாற்காலிகளைத் தானே காசு கொடுத்து வாங்குவான். வெள்ளிக் கரண்டிகள் மட்டும் பல திரும்பக் கிடைக்கவே இல்லை.