முத்திரை வேண்டாம், முகவரி வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குடும்பம் ஜமக்காளம் விற்கும் தொழிலில் இருக்கிறது. மகன் இணையதளம் ஒன்று அமைத்துத் தந்திருக்கிறான். வருகிறவர்கள் பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தும் பக்கம் வரை போய்விட்டு, வாங்காமல் திரும்பிவிடுகிறார்கள். 'நூறு சதவீதம் பாதுகாப்பானது' என்ற முத்திரைகளையும் போட்டுப் பார்த்துவிட்டோம். வேறென்ன செய்யலாம்?
– வாசகர், பவானி

பதில்: அந்த முத்திரைகளை முதலில் எடுத்துவிடுங்கள். மோசடித் தளம் நடத்துகிறவரும் அதே படத்தை அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால், அவற்றால் எதுவும் உறுதியாவதில்லை. பணம் கட்டிய பிறகு பொருள் வராமல் போனால் யாரைப் பிடிப்பது என்பதுதான் புதிய தளத்துக்கு வருகிறவரின் கவலை. கடைவீதியில் இருக்கும் கடை மறுநாளும் அங்கேயே இருக்கும் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். இணையதளத்தில் அந்த உறுதியை எழுத்தில்தான் தர முடியும்.

மத்திய அரசு 2020 ஜூலையில் அறிவித்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் இதைக் கடமையாகவே ஆக்கியிருக்கின்றன. நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், தலைமையிட முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண்கள், குறைதீர் அலுவலரின் பெயர் மற்றும் தொடர்பு விவரம் ஆகியவை தளத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். வரும் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். வெறும் ஒரு வாட்ஸ்அப் எண்ணை மட்டும் போட்டுவிட்டு இருக்கும் சிறு தளங்களைப் பார்க்கும்போது, தெரியாதவரை நம்பிப் பணம் கொடுக்கத் தயங்குகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால், எழுத்தும் எண்ணும் கலந்த அந்த 15 இலக்க அடையாளத்தைப் பக்கத்தின் அடியில் அச்சிடுங்கள். தமிழ்நாட்டில் பதிவானவை 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைக் கொடுத்துப் பார்க்கிறவருக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரிந்துவிடும். உங்கள் பேச்சை மட்டும் நம்பாமல் வேறிடத்தில் சரிபார்த்துக்கொள்ள அவருக்கு வழி கிடைக்கிறது என்பதே இதன் பயன்.

உங்கள் பொருளுக்கென்று தனியான ஒரு சிக்கலும் உண்டு. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. ஜமக்காளம் 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஒன்று. இருந்தும், விசைத்தறியில் நெய்த விரிப்புகள் இதே பெயரில் விற்கப்படுகின்றன என்பது நெசவாளர்களின் நெடுநாள் குறை. ஆகவே உங்களுடையது எந்தத் தறியில், எந்த நூலில் நெய்தது என்பதை ஒவ்வொரு பொருளின் கீழும் எழுதுங்கள். புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்திருந்தால் அந்தப் பதிவு எண்ணையும் சேருங்கள். படங்கள் உங்கள் கடையில் எடுத்தவையாக இருக்கட்டும். முன்புறம், பின்புறம், கரை ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, நீள அகலத்தை அடிக்கணக்கில் குறிப்பிடுங்கள். முதல் சலவையில் சாயம் சற்று இறங்குமென்றால் அதையும் மறைக்காதீர்கள். பிற தளத்திலிருந்து எடுத்த படத்தைக் கூகுள் படத்தேடலில் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். அப்படி ஒன்று அகப்பட்டுவிட்டால் மற்ற எல்லாப் படங்களின் மீதும் சந்தேகம் விழும்.

தோற்றம் முக்கியமல்ல என்று நான் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 2,684 பேர் தளங்களின் நம்பகத்தன்மையைப் பற்றிச் சொன்ன கருத்துகளில் சுமார் 46 சதவீதம் தோற்றத்தைக் குறிப்பிட்டன. எழுத்துப்பிழைகளைத் திருத்துவதற்கும், திறக்காத இணைப்புகளை நீக்குவதற்கும், பொங்கலுக்குப் பிறகும் தொங்கிக்கொண்டிருக்கும் தீபாவளித் தள்ளுபடிப் பட்டையை எடுப்பதற்கும் பெரிய செலவு ஆகாது.

பணம் செலுத்தும் பக்கத்தில் திரும்புகிறவர்களைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஜமக்காளம் கனமான பொருள். கூரியர் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் முதன்முறையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். விலையை இப்படித் துளித்துளியாக வெளியிடுவது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்களில் பட்டியலிடப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள் ஒன்று. கையிருப்பு நிறைய இருக்க 'இன்னும் இரண்டே உள்ளன' என்று அவசரப்படுத்துவதும் அதே பட்டியலில் இருக்கிறது. விலை, வரி, அனுப்பும் செலவு மூன்றையும் பொருளின் பக்கத்திலேயே காட்டுங்கள். திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பனவற்றையும் அங்கேயே எளிய தமிழில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். ஆனாலும் குரோமில் பூட்டுக் குறி தெரியவில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் அஞ்சுகிறார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: குறையேதும் உங்கள் பக்கம் இல்லை. முகவரிப் பட்டையில் இருந்த பூட்டுப் படத்தைக் கூகுள் நிறுவனமே 2023 செப்டம்பரில் குரோமிலிருந்து நீக்கிவிட்டு வேறொரு குறியை வைத்தது. பயனருக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதைத்தான் பூட்டு காட்டியது. பலரோ அதைத் தளத்தின் நேர்மைக்கான சான்றாக எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் போலி வங்கித் தளங்களிலும் அதே பூட்டு இருந்தது. அதற்காகச் சான்றிதழை விட்டுவிடாதீர்கள். 2018 ஜூலை முதல், அது இல்லாத தளங்களைக் குரோம் 'பாதுகாப்பற்றது' என்று குறிக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாக வழங்கும் 90 நாள் சான்றிதழ்களைப் போன்றவை தானாகப் புதுப்பிக்கப்படுமாறு அமைத்துவிடுங்கள். காலாவதியானால் வாடிக்கையாளர் கடைக்குள் நுழையும் முன்பே முழுப்பக்க எச்சரிக்கையைத்தான் பார்ப்பார். கார்டு எண்களை விற்பனையாளர்கள் சேமித்து வைக்க 2022 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் தடை இருப்பதையும் அந்த வாடிக்கையாளரிடம் சொல்லலாம்.

கேள்வி: தொடக்கத்தில் நல்ல மதிப்புரைகள் சிலவற்றை நாங்களே எழுதிப் போட்டுக்கொள்வது தவறா?
– வாசகர், சேலம்

பதில்: தவறு மட்டுமல்ல, விதிமீறலும் ஆகும். விற்பவர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதை மேற்சொன்ன 2020ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. புதிய கடையில் மதிப்புரை இல்லாதிருப்பது இயல்புதான். பொருள் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து, வாங்கியவரிடம் கருத்துக் கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். குறை சொல்லி வரும் மதிப்புரையை நீக்காமல், என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று அதன் கீழேயே பெயரிட்டுப் பதில் எழுதுங்கள்.