பிள்ளைகளின் ஈரல் நொதியம்: எந்த எண்ணை ‘நோர்மல்’ என்று எடுப்பது?

பன்னிரண்டு வயது மகனுக்கு ஏ.எல்.ரி (ALT) என்ற ஈரல் நொதியம் 38 என்று வந்திருக்கிறது, ரிப்போட்டில் 55 வரை சரி என்று அச்சடித்திருக்கிறார்கள், கனடாவில் இருக்கும் உறவினர் அது கூடுதல் என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மகன் சற்றுப் பருமனான பிள்ளை, அல்லது மார்கழி மழையோடு வந்த காய்ச்சலுக்காக இரத்தம் எடுத்தீர்கள் என்று நானே ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் உறவினர் சொல்வதே உண்மைக்குக் கிட்ட நிற்கிறது.

நான் வைத்தியர் அல்ல. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். “லாப்காரர் நோய் சொல்லக்கூடாது” என்று கீழே யாராவது எழுதப் போவது எனக்குத் தெரியும். நான் நோய் சொல்லவில்லை. ரிப்போட்டின் வலது ஓரத்தில் இருக்கும் அந்த எல்லை எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறேன். அதைச் சொல்வதற்கு எங்களை விடப் பொருத்தமானவர்கள் அதிகம் பேர் இல்லை என்றே நினைக்கிறேன்.

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் தங்கை, காய்ச்சல் வந்து மாறிய தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு தனியார் லாபில் ஈரல் பரிசோதனை முழுவதையும் செய்வித்தாள். பதினான்கு வயது மகனுக்கு அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற இன்னொரு நொதியம் 362. பக்கத்தில் ‘கூடுதல்’ என்ற குறி தடித்த எழுத்தில் இருந்தது. பன்னிரண்டு வயது மகளுக்கு ஏ.எல்.ரி 47, எல்லை 55 என்பதால் குறி எதுவும் இல்லை. “தம்பிக்கு ஈரல்ல ஏதோ பிழையாம் அண்ணா, தங்கச்சிக்கு ஒன்டுமில்லையாம்” என்று தொலைபேசியில் அழுதாள். நான் போய்ச் சேருவதற்குள் அம்மா அவனுக்கு முட்டையையும் பொரியலையும் நிறுத்திவிட்டு, செங்கண்மாரி வந்த பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் காலையில் வெறும் வயிற்றில் கீழ்க்காய் நெல்லிச் சாறு கொடுக்கத் தொடங்கியிருந்தார். கீழ்க்காய் நெல்லியைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு எந்த மருந்தும் தேவைப்படவில்லை.

அதே தாளில் அவனுடைய ஏ.எல்.ரி 17, செங்கண்மாரியில் ஏறும் பிலிருபின் சாதாரணம், ஜி.ஜி.ரி (GGT) என்ற மற்றொரு ஈரல் நொதியம் 14. அல்கலைன் பொஸ்பற்றேஸ் ஈரலில் இருந்து மட்டுமல்ல, வளரும் எலும்பிலிருந்தும் வருகிறது, ஜி.ஜி.ரி எலும்பிலிருந்து வருவதில்லை. முன்னது ஏறிப் பின்னது ஏறாவிட்டால் முதலில் எலும்பைத்தான் நினைக்க வேண்டும். பெரியவர்களுக்கு 120, 130 அளவில் எல்லை வைக்கிறார்கள். பருவ வயதில் உயரம் தள்ளும் ஆண் பிள்ளைக்கு 400 வரை போவது அதிசயமே அல்ல. அவனுடைய பாடசாலைக் கால்சட்டையின் ஓரத்தை ஒரே தவணையில் இரண்டாம் முறையும் பிரித்து இறக்கித் தைத்திருந்தாள் தங்கை; அதன் பழைய மடிப்புக் கோடுகள் இரண்டும் வெளிறித் தெரிந்தன.

என்னைக் கலங்க வைத்தது குறி போடப்படாத மகளின் தாள்தான். பிள்ளையின் கழுத்தின் பின்புறம் வெல்வெற்றுப் போலத் தடித்துக் கறுத்திருந்தது. வெயிலும் அழுக்கும் என்று நினைத்துத் தங்கை தேசிக்காயை வெட்டி அதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். உடல் இன்சுலினுக்குச் சரியாக இசையாத பிள்ளைகளிடம் அப்படிக் கறுப்பு வரும். கிளினிக்கில் குழந்தை நல வைத்தியர் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார், எண் இறங்கவில்லை. ஈரல் அழற்சி (ஹெபடைடிஸ்) பீயும் சீயும் இல்லை, ஈரலில் செம்பு சேரும் வில்சன் நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு ஸ்கான் எடுத்ததில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பது தெரிந்தது. சோடாவும் பனிசும் வீட்டுக்கு வருவது நின்று, பிள்ளை மாலையில் சைக்கிள் ஓடத் தொடங்கிய பின் எண் படிப்படியாக இறங்கியது.

சுகமான பிள்ளைக்குக் குறியும் சுகமில்லாத பிள்ளைக்கு நற்சான்றும் ஒரே லாபில், ஒரே நாளில் எப்படிக் கிடைத்தன? இரண்டு தாளிலும் மேலே வயது சரியாக அச்சாகியிருந்தது. கீழே போட்டிருந்தது பெரியவர்களின் எல்லை. அந்த லாபில் விசாரித்தபோது, “மெஷின்ல வாறதுதான் ஐயா” என்று பதில் வந்தது. மெஷினில் எல்லை தானாக வருவதில்லை. இரசாயனப் பொதியோடு வரும் துண்டுத்தாளைப் பார்த்து ஒரு மனிதர்தான் அதைத் தட்டச்சு செய்கிறார்.

முறையாக எல்லை வகுப்பதென்றால், வயதுப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே குறைந்தது 120 சுகதேகிகளின் இரத்தத்தைப் பார்த்து, நடுவிலுள்ள 95 வீதத்தினரின் அளவுகளை எடுக்க வேண்டும். சுகமாக விளையாடித் திரியும் ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் ஊசி குத்த எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஆகவே பிறர் வகுத்த எல்லையைக் கடன் வாங்கி, உள்ளூரில் 20 பேரில் சரிபார்த்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அந்த இருபதையாவது பார்க்கிறார்களா என்பதே என் நெடுநாள் மனக்குறை. நடுவிலுள்ள 95 வீதம் என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை முழுச் சுகதேகி ஒருவருக்குச் செய்தாலும், குறைந்தது ஒன்று எல்லைக்கு வெளியே விழும் வாய்ப்பு ஏறத்தாழ 64 வீதம். பாடசாலை விடுமுறைக் காலத்தில் ‘முழு உடற்பரிசோதனை, விசேட கழிவு’ என்று பிள்ளைகளுக்கும் பதாகை கட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், யாரைச் சுகதேகி என்று எடுப்பது என்பதுதான். கொழுப்பு ஈரல் வெளியே தெரியாது. அப்படிப்பட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் மேல் எல்லை தானாக உயர்ந்துவிடும். 2002இல் இத்தாலியில் பிராட்டி என்பவரின் குழு இரத்ததானம் செய்தவர்களில் ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களை விலக்கிப் பார்த்தபோது, பெரியவர்களுக்கே எல்லை ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19 என்று இறங்கியது. 2010இல் அமெரிக்காவில் ஷ்விம்மர் குழு பதின்ம வயதினரில் அதே வேலையைச் செய்தது. அங்குள்ள சிறுவர் வைத்தியசாலைகள் 30இலிருந்து 90 வரை வெவ்வேறு எல்லைகளை வைத்திருந்தன. நடு மதிப்பு 53. சரியான எடையும் நோயின்மையும் உள்ளவர்களை மட்டும் எடுத்தபோது கிடைத்தது ஆணுக்கு 25.8, பெண்ணுக்கு 22.1. வட அமெரிக்கக் குழந்தை ஈரல் வைத்தியர்களின் 2017 வழிகாட்டல், கொழுப்பு ஈரலைத் தேடும்போது 26, 22 என்ற இந்த எண்களையே எடுத்துக்கொண்டு, அதன் இரு மடங்குக்கு மேல் மூன்று மாதத்துக்கு அதிகமாக நின்றால் காரணம் தேடச் சொல்கிறது. 80ஐத் தாண்டினால் இன்னும் அவசரம். ஜேர்மனியில் லைப்சிக் பிள்ளைகளில் செய்து 2018இல் வெளியான ஆய்வும் வயது, பால், பருவமடைந்த நிலை, எடை ஆகிய நான்கும் இந்த எண்களை மாற்றுகின்றன என்றே காட்டியது.

எல்லையைக் கீழே இறக்கினால் சுகமான பிள்ளைகளும் சிலர் அகப்படுவார்கள் என்று வைத்தியர்கள் சிலர் ஆட்சேபிப்பதுண்டு. அது நியாயமான ஆட்சேபம். அதனால் 27 என்று வந்த பிள்ளையின் வீட்டில் ஒப்பாரி தேவையில்லை. ஆனால் எல்லையை 55இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதற்கு அது நியாயமாகாது.

உங்கள் மகனின் 38, ஆண் பிள்ளைக்குரிய 26க்கு மேலும் அதன் இரு மடங்கான 52க்குக் கீழும் நிற்கிறது. காய்ச்சல் நேரத்தில் எடுத்ததென்றால் அதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்; டெங்கு ஈரல் நொதியங்களை ஏற்றும், அதிலும் தசையிலும் செங்கலங்களிலும்கூட இருக்கும் ஏ.எஸ்.ரி (AST) என்ற நொதியத்தைக் கூடுதலாக ஏற்றும். பிள்ளை திமிறும்போது எடுத்த இரத்தத்தில் செங்கலங்கள் உடைந்து, சுழற்றி எடுத்த தெளிநீர் இளஞ்சிவப்பாக நின்றாலும் ஏ.எஸ்.ரி பொய்யாக ஏறும். கடுமையான உதைபந்துப் பயிற்சிக்கு மறுநாள் எடுத்தாலும் தசையிலிருந்து ஏ.எல்.ரி, ஏ.எஸ்.ரி இரண்டும் ஏறலாம். சிறு ஆண் பிள்ளைக்கு இரண்டும் நூற்றுக்கணக்கில் ஏறி, படியேறக் கஷ்டப்படுகிறான் என்றால், வைத்தியரிடம் சி.கே. என்ற தசைப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். காய்ச்சல் முழுவதும் மாறிச் சில வாரங்கள் சென்றபின், இயந்திரமும் முறையும் மாறாமல் இருக்க அதே லாபில், திரும்பச் செய்யுங்கள். அதிலும் 26க்கு மேலே நின்றால் இரண்டு தாள்களையும், பிள்ளையின் உயரம் எடையையும், அவன் குடித்த குளிசை கசாயங்களின் பெயர்களையும் எழுதி எடுத்துக்கொண்டு குழந்தை நல வைத்தியரிடம் போங்கள். ரிப்போட்டில் குறி இல்லை என்று அவர் திருப்பி அனுப்பப் பார்த்தால், பிள்ளையின் வயதைக் காட்டி, அந்த 55 எந்த வயதினருக்கு உரியது என்று மரியாதையாகக் கேளுங்கள்.