பூஞ்சணம் பிடித்த செத்தல் மிளகாயை வறுத்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: டொக்டர், மாரிக்குள் சாக்கில் கட்டி வைத்த செத்தல் மிளகாயிலும் உழுந்திலும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கழுவி, வெயிலில் போட்டு வறுத்தால் ஒன்றும் செய்யாது என்கிறா மாமி. அப்பாவுக்கு ஏற்கெனவே சிறுநீரக வருத்தம். என்ன செய்ய?
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: கொட்டிவிடுங்கள் தங்கச்சி. கழுவினால் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம்தான் போகும். அஸ்பர்ஜிலஸ், பெனிசிலியம் இனப் பூஞ்சணங்களில் சில ஒக்ராடொக்சின் ஏ என்ற நஞ்சைச் சுரந்து உள்ளே விட்டிருக்கலாம், அது வீட்டு அடுப்புச் சூட்டில் முழுதாக அழியாது. 1965இல் தென்னாபிரிக்காவில் கண்டுபிடித்த நஞ்சு இது.

இரத்தத்தில் அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் லேசில் வெளியேறாது, பாதி குறையவே ஏறக்குறைய 35 நாள் பிடிக்கும். அதோடு, இரத்தத்திலிருக்கும் கழிவை இழுத்துச் சிறுநீரில் தள்ளுவதும் சிறுநீரக நுண்குழாய்க் கலங்களின் வேலைகளில் ஒன்று, அந்த வழியாலேயே இந்த நஞ்சும் கலத்துக்குள் போய்விடுகிறது. சிறுநீரில் இறங்கியதிலும் ஒரு பங்கைக் குழாய் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த நஞ்சின் ஒரு துண்டு, கலம் புரதம் கட்ட எடுக்கும் பினைல்அலனின் என்ற அமினோ அமிலமேதான், அதனோடு இது போட்டி போடுவதால் புரதம் கட்டும் வேலை உள்ளே குழம்புகிறது. அப்புறம் கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் பழுதாகி, ஒட்சியேற்றத்தால் கலமென்சவ்வு சிதைந்து, கலம் சாகிறது. இது நீண்டகாலம் தொடர்ந்தால் அந்த இடத்தில் தழும்பு விழும். டென்மார்க்கில் பூஞ்சணத் தானியம் தின்ற பன்றிகளின் சிறுநீரகத்தில் இதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். மனிதரில் அவ்வளவு திட்டமான சான்று இல்லை.

ஆனால் அப்பாவின் வருத்தத்தை இதன் தலையில் கட்டிவிடாதீர்கள். 1990களில் பதவியா, மதவாச்சிப் பக்கம் கவனிக்கப்பட்டு, நம் வவுனியாவிலும் இருக்கிற அந்தச் சிறுநீரக நோய்க்குத் தண்ணீர், வெயிலில் உடல் வறள்வது, வயல் மருந்து என்று பலதையும் ஆராய்கிறார்கள், இதுதான் காரணம் என்று இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. அவருக்கு நீரிழிவோ பிரஷரோ இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கிளினிக் போகும்போது இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு) சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கொட்டுகிறதைக் கோழிக்கும் போடவேண்டாம், கோழியின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். அடுத்தமுறை மிளகாய் முறித்தால் சடக்கென்று ஒடியுமளவு காய்ந்த பிறகு, ஈரமில்லாத, இறுக்கமான மூடி போட்ட வாளியில் வையுங்கள். சாக்கென்றால் வெறும் சீமெந்துத் தரையில் வேண்டாம், அடியில் பலகை போட்டுச் சுவரில் முட்டாமல் அடுக்குங்கள்.