உடுக் மக்களுக்கான ஜெபக் குறிப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சபையின் பெண்கள் ஜெபக் குழுவில் வாரம் ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி ஜெபிப்போம். சென்ற வாரக் குறிப்பில் சூடானின் உடுக் இனத்தவர் ‘ஆவிகளுக்கு அஞ்சி வாழ்பவர்கள், இரட்டைக் குழந்தைகளைக் கொல்பவர்கள், சுவிசேஷம் எட்டாதவர்கள்’ என்று மூன்றே வரிகள் இருந்தன. முகமறியாத மக்களைப் பற்றி ஆண்டவரிடம் இப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இவை உண்மையா? இப்படி ஜெபிப்பது தவறா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

மூன்று வரிகளில் கடைசி வரி பொய்யாகிப் பல காலம் ஆகிறது. சூடானின் நீல நைல் பகுதியில், எத்தியோப்பிய எல்லையை ஒட்டியுள்ள சாலி என்ற ஊரில், சூடான் இன்டீரியர் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1938இலேயே நிலையம் அமைத்துவிட்டது. எத்தியோப்பியாவைப் பிடித்த இத்தாலியர்கள் அங்கிருந்து துரத்தியதால் எல்லை தாண்டி வந்தவர்கள் அந்த மிஷனரிகள். மேரி பீம், எலிசபெத் கிரிட்லண்ட் என்ற இரு பெண் மிஷனரிகள் பல ஆண்டுகள் அங்கே தங்கி, எழுத்தில்லாத அம்மொழிக்கு எழுத்து அமைத்து, அகராதி தொகுத்து, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார்கள். 1964இல் சூடான் அரசு அயல்நாட்டு மிஷனரிகளை வெளியேற்றியது.

அப்போது உடுக் கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே. சபை பெருகியது மிஷனரிகள் போன பிறகு, உள்ளூர்ப் போதகர்களின் கையில். 1987இல் உள்நாட்டுப் போர் சாலியை எட்டி ஊர்கள் எரிந்தபோது, ஏறக்குறைய முழு இனமும் எத்தியோப்பியாவுக்கு ஓடியது. அங்கிருந்தும் விரட்டப்பட்டு, எல்லையை மீண்டும் மீண்டும் கடந்து, 1993 வாக்கில் எத்தியோப்பியாவின் பொங்கா அகதி முகாமில் ஒதுங்கியது. இந்த அலைச்சலில்தான் அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களானார்கள். பிரசங்கத்தைவிட இந்த நீண்ட நடைப்பயணமே அவர்களைச் சபையில் சேர்த்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஊர் போய், காடு போய், கையில் மிஞ்சிய சொந்த மொழிப் புத்தகம் அந்தப் புதிய ஏற்பாடுதான்.

இரட்டைக் குழந்தைகள் பற்றிய வரி முழுப் பொய் அல்ல. அந்த வழக்கம் இருந்தது. மிஷனரிகள் அதை எதிர்த்து நின்று குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆனால் 1960களில் அம்மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த மானுடவியலாளர் வெண்டி ஜேம்ஸ் அதே மக்களிடம் வேறொன்றையும் கண்டார். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்கு மறுபடி குழந்தை பிறந்தால், அதைக் ‘குருஞ்ஞா’ என்ற பறவையின் பெயரால் அழைத்து, கண்டெடுத்த பிள்ளையைப் போலப் பாவித்து, ஊரார் பலரும் சேர்ந்து சாவிடமிருந்து மீட்டு வளர்க்கும் சடங்கு அது. குப்பையிலும் தவிட்டிலும் போட்டு எடுத்துக் குப்பன் என்றும் தவிட்டம்மா என்றும் பெயரிட்ட நம் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியிருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அடிமை வேட்டையில் சிதறி, எஞ்சியவர்கள் ஒன்றுகூடி மறுபடி ஊர் கட்டிய இனம் அது. கண்டெடுத்த பிள்ளை என்பது அவர்கள் தங்களையே பார்த்துச் சொல்லிக்கொண்ட சொல்லும்கூட. ‘உடுக்’ என்பது பிறர் இட்ட பெயர். அவர்கள் தங்களைக் ‘குவானிம் பா’, அதாவது சொந்த ஊரின் மக்கள், என்கிறார்கள்.

இனி, ‘ஆவிகளுக்கு அஞ்சி’ என்ற வரி. உடுக் மொழியில் ‘அரும்’ என்று ஒரு சொல் உண்டு. இறந்தவர்களின் ஆவி, காட்டிலும் மழையிலும் உறையும் ஆற்றல் என அனைத்தையும் குறிப்பது அது. அதை விரட்ட வந்த மிஷனரிகளுக்குக் கடவுளைச் சொல்ல வேறு சொல் கிடைக்காமல், அந்த ‘அரும்’ என்பதையே எடுத்து வானத்துக்கு உரியதாக்கினார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. பைபிளைத் தமிழாக்கியவர்களில் சீகன்பால்கு கடவுளைச் ‘சருவேசுரன்’ என்றும் பப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றும் எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் ‘தேவன்’ ஆக்கினார்கள். ‘பரிசுத்த ஆவி’ என்று வாசிக்கும் அதே வாய்தானே ‘அவளுக்கு ஆவி பிடித்திருக்கிறது’ என்றும் சொல்கிறது? உங்கள் குறிப்பை எழுதியவர் பழிக்கும் சொல்லும் அம்மக்கள் இன்று தொழுகையில் விளிக்கும் சொல்லும் ஒரே வேரினவை.

தவறா என்று கேட்டீர்கள். நான் சபைக்குச் செல்பவன் அல்ல என்பதால், ஜெபம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒருவரைப் பெயர் சொல்லி நினைப்பது நல்லது. தவறான சேதியோடு நினைப்பதில்தான் உங்களுக்கு வந்த அந்தக் கூச்சம் இருக்கிறது, அது நியாயமான கூச்சம். அந்த உள்நாட்டுப் போரை முடித்த 2005 சமாதான உடன்படிக்கைக்குப் பின் பலர் சாலிக்குத் திரும்பி வீடு கட்டினார்கள். 2011 செப்டம்பரில் போர் மறுபடி வந்து, திரும்பியவர்களில் பெரும் பகுதியினர் தென் சூடானின் தோரோ அகதி முகாமுக்கு ஓடினார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் பெயரை எடுத்தால், சுவிசேஷம் கிடைக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். அவர்கள் தங்கள் மொழியிலேயே ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். சாலிக்குத் திரும்பும் வழி கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள்.

அன்புடன்.