மெதுவாக, கனமாக: வீட்டுப் பயிற்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: வயது 42. எடை மாற்றும் டம்பெல் ஒரு ஜோடி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 10 கிலோ வரை போடலாம். குதிக்கிற பயிற்சிகள் ஒத்துவரவில்லை. மெதுவாக, கனமாகச் செய்ய எவற்றைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: எடை கனமா, லேசா என்பதை எண்ணிக்கையே சொல்லிவிடும். எட்டுப் பத்து முறை தூக்கியதும், உடல் கோணாமல் இன்னும் ஒன்றிரண்டு முறைதான் முடியும் என்றால் அதுதான் உங்களுக்கான எடை. பேசிக்கொண்டே 15 முறை தூக்கினால் அது போதாது.

நிதானம் இறக்கத்தில் இருக்கட்டும்: இறக்க 3 வினாடி, கீழே 1 வினாடி நிறுத்தம், பிறகு உதறாமல் இயல்பான வேகத்தில் ஏற்றம். ஏற்றத்தையும் 10 வினாடி இழுத்தால் எடையை நிறையக் குறைக்க வேண்டிவரும், கனம் போய்விடும். தூக்க முடியாத எடையைக்கூடத் தசையால் தாங்கி இறக்க முடியும், அதனால்தான் இறக்கத்துக்கு இவ்வளவு மதிப்பு. மறுநாள் வலியும் பெரும்பாலும் அதனால்தான். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு பயிற்சிக்கும் 2 செட் (ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்று) போதும், பிறகு 3.

இரு காலில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கு உங்கள் டம்பெல் எடை சீக்கிரமே லேசாகிவிடும். ஒற்றைக்காலுக்கு மாறுங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதற்கு முதுகு காட்டி இரண்டடி தள்ளி நில்லுங்கள். ஒரு காலின் புறங்காலை இருக்கையில் வைத்து, கைகளில் டம்பெல் தொங்க, முன்காலின் தொடை தரைக்கு இணையாகும் வரை இறங்குங்கள். முன்காலின் குதிகால் தூக்கிக்கொண்டால் நாற்காலிக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். அரையடி முன்னே போங்கள். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் எடையைக் குறையுங்கள். காலுக்கு இதைவிடச் சிறந்த தேர்வு இந்த எடைக்குக் கிடையாது.

மற்றவை எளிது: இடுப்பை மடக்கி முதுகு வளையாமல் குனிந்து நிமிரும் டெட்லிஃப்ட், ஒரு கையை ஊன்றி மறுகையால் இழுக்கும் ரோயிங், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், முதுகில் புத்தகப் பை மாட்டிய தண்டால். வாரம் இரண்டு நாள், நடுவே 48 மணி நேரமாவது இடைவெளி. செட்டுக்கு இடையில் 2 முதல் 3 நிமிடம் ஓய்வு. பலரும் இதைத்தான் சுருக்குகிறார்கள்; அப்போது தசை களைக்குமுன் மூச்சு வாங்கிவிடும்.

இறங்கும்போது மூச்சை இழுத்து, ஏறும்போது விடுங்கள். தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள். மூட்டில் சுருக்கென்று குத்தினால் அந்த செட்டை அங்கேயே விடுங்கள்.

மூன்று செட்டிலும் 12 முறை சுத்தமாக வந்ததும் ஒவ்வொரு டம்பெல்லிலும் ஒரு கிலோ கூட்டி, மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள். 10 கிலோவும் போதாமல் போனால் இறக்கத்தை 5 வினாடியாக்குங்கள், பையிலும் எடை சேருங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் முன் டம்பெல்லின் எடைத்தட்டைப் பூட்டும் திருகை இறுக்கிப் பாருங்கள். ஆட்டத்தில் அது தானே தளரும்.